நிரையும் நிரலும்: படப்புதிரில் ஊகித்துப் போடலாமா?

3 செப்டம்பர் 2024, ஒரு வாசகர் கேட்டது

"போன்ல கட்டத்தைக் கறுப்பாக்கிப் படம் வர வைக்கிற புதிர் ஆடுறேன் அண்ணே. பத்துக்குப் பத்து வரைக்கும் ஓடிருது. பதினஞ்சுக்குப் போனா பாதியில நிக்குது. குத்துமதிப்பா ஒரு கட்டத்தை அடிச்சுப் பாத்துட்டு மேல போறேன். கூட வேலை பாக்குறவர் அது அழுகுணி ஆட்டம்ங்கிறார். அழுகுணியா, இல்லையா?"

3 செப்டம்பர், இரவு

அழுகுணிதான் தம்பி. ஒழுங்காகச் செய்த புதிருக்கு ஊகம் தேவையே படாது. நிற்கிறது என்றால் எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வரியின் ஓரத்தில் போட்டிருக்கும் எண்தான் குறிப்பு, அந்த வரியில் தொடர்ந்து எத்தனை கட்டம் கறுப்பு என்று சொல்வது. 10 கட்டம் உள்ள வரியில் 7 என்று குறிப்பு இருந்தால் மிச்சம் 3. அந்த ஏழை இடது ஓரம் ஒட்டி வைத்துப் பாருங்கள், வலது ஓரம் ஒட்டியும் வைத்துப் பாருங்கள். நடுவில் 4 கட்டம் இரண்டிலும் கறுப்பு. அதைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கலாம். "4 3" என்றால் நடுவில் ஒரு வெள்ளையும் சேர்த்து 8 கட்டம், மிச்சம் 2. நான்கில் 2 நிச்சயம் (3ஆம், 4ஆம் கட்டங்கள்), மூன்றில் 1 நிச்சயம் (8ஆம் கட்டம்). 15 கட்ட வரியில் 8 இருந்தால் நட்ட நடுவில் ஒரே ஒரு கட்டம் கிடைக்கும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு செங்குத்தாகப் போனால் அங்கே இன்னொன்று. இப்படித்தான் போக வேண்டும். நான் இருபது வருஷமாக ரப்பர் தொட்டதில்லை.

4 செப்டம்பர்

பெயர் பற்றி இரண்டு பேர் கேட்டதால் சுருக்கமாக. நோனோகிராம். "நானோகிராம்" இல்லை. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. என் மகள் ரொம்ப நாள் நான் ஏதோ எடை பார்க்கிற ஆட்டம் ஆடுவதாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

நோன் என்பது ஒரு பெண்ணின் பெயர், நோன் இஷிதா, ஜப்பான். 1987இல் டோக்கியோவில் நடந்த ஒரு போட்டியில், உயரமான கட்டடத்தின் ஜன்னல் விளக்குகளைப் போட்டும் அணைத்தும் படம் வரவைத்துப் பரிசு வாங்கினார். அதே காலத்தில் தெட்சுயா நிஷியோ என்ற புதிர்க்காரரும் தனியாக இதே புதிரைக் கண்டுபிடித்தார். 1990இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் டால்கெட்டி என்பவர் நோனின் பெயரை வைத்து நோனோகிராம் என்றார். அதே வருஷம் சண்டே டெலிகிராஃப் வாராவாரம் போட ஆரம்பித்தது. 1998இல் அந்தப் பத்திரிகை வாசகர்களிடம் போட்டி வைத்து கிரிட்லர் என்று பெயரை மாற்றிக்கொண்டது. நின்டெண்டோ 1995இல் கேம் பாயில் மாரியோவை வைத்து விட்டது பிக்ராஸ். எல்லாம் ஒரே சாமான்தான்.

ஜன்னல் விளக்கு என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். எரிகிறது, எரியவில்லை. இரண்டே நிலை. இதை நான் அவர்களுக்கும் ஒரு வருஷம் முன்னாலேயே செய்துகொண்டிருந்தேன், தெரியாமல். அதை ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.

6 செப்டம்பர்

ஞாயிறு வரை பொறுக்கவில்லை.

1986. நெல்லைப் பக்கம் ஒரு பள்ளி, நான் பதினொன்றாம் வகுப்பு. மத்திய அரசு கிளாஸ் என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். வந்தது பிபிசி மைக்ரோ. 32 கேபி நினைவகம். இப்போது உங்கள் போனில் ஒரு ஸ்டிக்கர் படம் அதைவிடப் பெரிசு. அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். ஒரு மெஷினுக்கு எட்டுப் பேர். கீபோர்டில் கை வைக்க முறை வருவதற்குள் மணி அடித்துவிடும். பயிற்சிக்குப் போய்வந்த இயற்பியல் சாருக்கு எங்களைவிட நாலு பக்கம் கூடத் தெரியும். அதை அவரே சொல்வார், நல்ல மனுஷன்.

அதனால் நிரலை (புரோகிராமை) வீட்டிலேயே நோட்டில் எழுதிக்கொண்டு போவோம். அதுவும் கட்டம் போட்ட கணக்கு நோட்டில். ஏன் என்றால், அந்த மெஷினின் மொழியான பிபிசி பேசிக்கில் விடியூ 23 என்று ஒரு கட்டளை உண்டு. எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் நாமே ஓர் எழுத்தை வரைந்து மெஷினிடம் கொடுக்கலாம். வரைவது என்றால் பென்சிலால் இல்லை, எண்ணால். ஒவ்வொரு வரியிலும் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1. கறுப்பு விழுகிற கட்டத்தின் எண்களைக் கூட்டினால் வரிக்கு ஓர் எண். எட்டு வரிக்கு எட்டு எண்.

சார் கரும்பலகையில் எழுதிப்போட்ட முதல் வரி இன்னும் நினைவிருக்கிறது, சிரிக்கும் முகம் (224 நாம் வரைகிற எழுத்துக்குக் கொடுக்கும் எண், அதற்குப் பின்னால் வருவதுதான் எட்டு வரி):

விடியூ 23, 224, 60, 66, 165, 129, 153, 165, 66, 60

அடித்தோம். படம் வரவில்லை. மெஷினைப் போட்டதும் அது மோட் 7 என்ற திரை முறையில் எழுந்திருக்கும். அந்த மோடில் நாமே வரைந்த எழுத்து எடுபடாது. அரை மணி நேரம் எட்டுப் பேரும் கமாவை எண்ணினோம். கடைசியில் மோட் 4 என்று அடித்ததும் திரை ஒரு தரம் கண் சிமிட்டியது, அடுத்து வந்தது முகம். எறும்பு அளவு. அதைப் பார்க்க எட்டுத் தலை முட்டிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் நெற்றி வலிக்கிறது.

6 செப்டம்பர், ஒரு மணி நேரம் கழித்து

யாரோ வரைந்து பார்த்துவிட்டு "உங்க முகம் சிரிக்கல, உம்முன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டார். சரிதான். 153ஐயும் 165ஐயும் இடம் மாற்றிவிட்டேன். 165இல் வாயின் இரண்டு ஓரம், 153இல் வாயின் நடு. ஓரம் மேலே இருந்தால் சிரிப்பு, கீழே போனால் அழுகை. சரியானது: 60, 66, 165, 129, 165, 153, 66, 60. "இன்னும் நினைவிருக்கிறது" என்று பெருமையாக எழுதினேன் பாருங்கள்.

7 செப்டம்பர்

பரணில் அந்த நோட்டு இருக்கிறதா என்று தேடினேன். இருக்கிறது! அட்டை போய்விட்டது. உள்ளே ஏழெட்டுப் பக்கம் தமிழ் எழுத்து வரைய முயன்ற அலங்கோலம்.

அக்கா அப்போது கேட்டாள், "என் பேரை அடிச்சுக் காட்டு, அப்பதான் உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு ஒத்துக்குவேன்." நாமே வரைகிற எழுத்துக்கு மெஷினில் இருந்த இடம் 32. தமிழில் எழுத்து 247. சரி, அவள் பெயருக்கு மட்டும் போதுமே என்று உட்கார்ந்தால் 'ஜ' எட்டுக் கட்டத்தில் அடங்க மாட்டேன் என்கிறது. 'ழ'வின் காலை முடக்கினால் 'மு' மாதிரி ஆகிறது. ஒழுங்காக வந்தவை ப, ட, ம மூன்றுதான். ப என்றால் 130 ஆறு தரம், பிறகு 254. ட என்றால் 128 ஆறு தரம், பிறகு 254. ம்-க்குத் தலையில் புள்ளி வைக்க மேலே இரண்டு வரி ஒதுக்கியதில் ம குள்ளமாகிவிட்டது. ஆகத் திரையில் நான் எழுதிய முதல் தமிழ்ச் சொல் 'படம்'. அக்கா பெயர் வரவில்லை.

9 செப்டம்பர்

முந்தின குறிப்பை எழுதும்போது ஒன்று உறைத்தது. அப்போது படம் கையில் இருந்தது, எண்ணைத் தேடினேன். இப்போது எண் கையில் இருக்கிறது, படத்தைத் தேடுகிறேன். ஆனால் இரண்டு எண்ணும் ஒரே ஜாதி இல்லை.

130 என்று சொன்னால் எந்தெந்தக் கட்டம் கறுப்பு என்பதில் சந்தேகமே கிடையாது. 0 முதல் 255 வரை 256 எண், 256 விதமான வரி, ஒன்றுக்கு ஒன்று. புதிர்க் குறிப்பு அப்படி இல்லை. '1 1' என்றால் எட்டுக் கட்ட வரியில் 21 விதமாக வைக்கலாம். 130ம் '1 1', 66ம் '1 1', 129ம் '1 1'. எட்டுக் கட்டத்துக்கு மொத்தம் எத்தனை விதக் குறிப்பு வர முடியும் என்று பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணினேன்: 54. 256 படம் 54 குறிப்புக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. தொலைந்துபோன பாக்கித் தகவலைத்தான் செங்குத்துக் குறிப்பு திருப்பித் தருகிறது.

அக்கா கிராஸ் ஸ்டிச் போடுவாள். கட்டத் தாளில் மாதிரி இருக்கும், நான் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும்: "மூணு பச்சை, ரெண்டு விடு, ஒரு பச்சை, நாலு விடு." அது முழுக் குறிப்பு, அதை வைத்துத் துணியில் அப்படியே பூ போடலாம். பிற்பாடு ஃபேக்ஸ் மெஷின் சம்பந்தமாக வேலை பார்த்தபோது அங்கேயும் இதே பாட்டு. ஏ4 தாளின் ஒரு வரி 1,728 புள்ளி. அத்தனையையும் அனுப்பாமல் இத்தனை வெள்ளை, இத்தனை கறுப்பு, இத்தனை வெள்ளை என்று நீளத்தை மட்டும் சுருக்கி அனுப்பும். படப்புதிர் என்பது "விடு" எல்லாம் அழிக்கப்பட்ட ஃபேக்ஸ். மூணு, ஒண்ணு என்று மட்டும் சொல்லிவிட்டு, எவ்வளவு விடுவது என்பதை வாயில் போட்டுக்கொள்கிறது.

10 செப்டம்பர்

54 தப்பு. 55. ஒரு கட்டமும் கறுப்பில்லாத வெறும் வரியை எண்ண மறந்துவிட்டேன். அதுவும் ஒரு குறிப்புதான், 0.

திருத்தும்போது 1 கட்டம், 2 கட்டம் என்று கீழே இருந்து எண்ணிக்கொண்டு வந்தேன்: 2, 3, 5, 8, 13, 21, 34, 55. பார்த்ததும் பஸ்ஸில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். ஃபிபனாச்சி வரிசை, முந்தின இரண்டையும் கூட்டினால் அடுத்தது. ஃபிபனாச்சிக்கு முன்னாலேயே 12ஆம் நூற்றாண்டுக் குஜராத்தில் ஹேமசந்திரர் செய்யுள் அடியில் லகுவையும் குருவையும் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று எண்ணி இதே வரிசைக்கு வந்திருக்கிறார். லகு ஒரு மாத்திரை, குரு இரண்டு மாத்திரை. நமக்குக் கட்டம்.

14 செப்டம்பர்

கேள்வி கேட்ட தம்பியை மறந்தே போனேன். மன்னிக்கவும். ஆனால் இந்த வாரம் எனக்கே ஒரு அடி விழுந்தது.

நோட்டிலிருந்த முகத்தைப் புதிராக மாற்றினேன். சும்மா வேடிக்கைக்கு. (இனி நிரை, நிரல் என்றே எழுதுகிறேன். பள்ளிக் கணக்கில் அணி படித்தவர்களுக்குத் தெரியும், நிரை படுத்திருக்கும், நிரல் நின்றிருக்கும். கம்ப்யூட்டர் தமிழிலும் நிரல் என்று ஒன்று இருப்பதால் குழப்பம் வரும். வரட்டும்.)

நிரைகள் மேலிருந்து கீழே: 4 / 1 1 / 1 1 1 1 / 1 1 / 1 1 1 1 / 1 2 1 / 1 1 / 4

நிரல்கள் இடமிருந்து வலம்: 4 / 1 1 / 1 1 1 1 / 1 1 1 / 1 1 1 / 1 1 1 1 / 1 1 / 4

'ப' என்ற எழுத்தை இப்படிப் புதிராக்கினால் இரண்டு நொடியில் விழுந்துவிடும், 7 என்று வருகிற இடங்களே பாதியைத் தந்துவிடும். இதை வைத்துக்கொண்டு நேற்று இரவு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கட்டம், ஒரே ஒரு கட்டம்கூட நிச்சயமாக அடிக்க முடியவில்லை. 4ஐ எட்டில் வைத்தால் மிச்சம் 4, நடுவில் ஒன்றும் ஒட்டாது. 1 1 1 1க்கு மிச்சம் 1, ஒன்றிலிருந்து ஒன்று போனால் பூஜ்யம். 1 2 1க்கு மிச்சம் 2, இரண்டிலிருந்து இரண்டு, அதுவும் பூஜ்யம். பதினாறு வரியும் கையை விரிக்கிறது.

முயன்று பாருங்கள். விடை தெரிந்த படம்தானே என்று நேராக வரைந்துவிடாதீர்கள்.

15 செப்டம்பர், காலை

சந்தேகம் வந்தது: ஒருவேளை இதற்குப் பல விடை இருக்குமோ? அப்படியானால் இது புதிரே இல்லை, என் மானம் தப்பியது. நிரைகளை வைக்கும் விதங்களைப் பெருக்கினால் 5,78,81,250. எந்தச் சாமர்த்தியமும் இல்லாமல் ஒவ்வொன்றாக அடுக்கிப் பார்க்கும் முரட்டு நிரல் ஒன்று எழுதி ஓடவிட்டேன். (குறிப்பு: இது மற்ற நிரல்.) டீ போட்டுக் குடித்துவிட்டு வருவதற்குள் முடித்துவிட்டது. பிபிசி மைக்ரோவில் நொடிக்கு நூறு பார்த்தால்கூட ஆறரை நாளுக்கு மேல் ஆகியிருக்கும், அதுவும் எங்கள் ஊரில் ஆறரை நாள் கரண்ட் போகாமல் இருந்தால்.

விடை ஒன்றே ஒன்று. அந்தச் சிரித்த முகம். மானம் தப்பவில்லை.

15 செப்டம்பர், மாலை

ஆக, ஒரே விடை உள்ள, ஒழுங்கான புதிர். ஆனால் ஒரு வரியை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. 3ஆம் தேதி "தேவையே படாது" என்று அடித்துச் சொன்னவன் நான். கையாலேயே உடைக்கவேண்டும் என்று வீம்பாக உட்கார்ந்து வழி கண்டுபிடித்தேன்.

மூன்றாம் நிரலைப் பாருங்கள், 1 1 1 1. வைப்பதற்கு ஐந்தே இடம். நான்கில் முதல் நிரைக் கட்டம் கறுப்பு, ஒன்றில்தான் வெள்ளை (2, 4, 6, 8ஆம் நிரைகளில் கறுப்பு). அந்த ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். முதல் நிரையின் 4, மூன்றாம் நிரலைத் தொட முடியாமல் வலப்பக்கம் ஓடும். மூன்றாம், ஐந்தாம் நிரைகளும் மூன்றாம் நிரலை இழந்து, இரண்டுமே 4, 6, 8ஆம் நிரல்களில் கறுப்பாக வேண்டும். கடைசி நிரல் தொடர்ந்து 4. அதில் 3ம் 5ம் கறுப்பு என்றால் நடுவே உள்ள நான்காம் நிரையும் கறுப்பு. நான்காம் நிரைக்கு உள்ள இரண்டு புள்ளியும் (3ஆம் நிரல், 8ஆம் நிரல்) தீர்ந்தது, ஆகவே அதன் முதல் கட்டம் வெள்ளை. அப்படியானால் முதல் நிரலின் 4, ஐந்திலிருந்து எட்டுவரைதான் உட்கார முடியும். எட்டாம் நிரை முதல் கட்டத்தில் கறுப்பு, ஆக அது 1 முதல் 4 வரை. இப்போது நான்காம் நிரலுக்கு 3, 5, 8 என்று மூன்றும் கிடைத்துவிட்டன. முதல் நிரை அங்கே கால் வைக்க முடியாது, 5 முதல் 8 வரை தள்ளிப்போகிறது. போனால் கடைசி நிரலில் மேல் ஓரத்திலும் கறுப்பு, ஐந்திலும் கறுப்பு. தொடர்ந்த நான்கில் இது நடக்காது. மாட்டியது.

ஆக அந்த ஒன்று இல்லை, மூன்றாம் நிரலின் உச்சி கறுப்பு. கண்ணாடியில் பார்த்தால் ஆறாம் நிரலுக்கும் இதே கதை. 3ம் 6ம் கறுப்பானால் முதல் நிரை 3 முதல் 6 வரை. நெற்றி வந்துவிட்டது. மிச்சத்தை நீங்களே முடியுங்கள்.

இது ஊகமா? பென்சிலை வைத்து "இருக்கட்டும், பார்ப்போம்" என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் அது சரியாக வரும் என்ற நம்பிக்கையில் போடவில்லை, உடையும் என்ற நம்பிக்கையில் போட்டேன். நிரல் தப்பாக ஓடும்போதும் இதைத்தான் செய்வோம்: "பிழை இந்த வரியில்தான்" என்று வைத்துக்கொண்டு, அப்படியானால் திரையில் என்ன வந்திருக்கவேண்டும் என்று பின்னால் போவது. தம்பி, அழுகுணி என்று சொன்னதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். அடித்துப் பார்த்து, படம் வந்துவிட்டதே என்று விட்டால் அழுகுணி. மற்றப் பக்கம் உடைகிறது என்று காட்டினால் ஆட்டம். ரப்பர் தொட்டதில்லை என்றதையும் வாபஸ் வாங்குகிறேன், நேற்று ஒன்று வாங்கினேன்.

16 செப்டம்பர்

"எல்லாப் புதிரையும் சீக்கிரம் போடும் ஒரு வழி கிடையாதா?" என்று கேட்டவருக்கு: பெரிய கட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வேகமான வழி யாருக்கும் தெரியாது. 1996இல் உயேடா, நாகாவோ என்ற இரண்டு ஜப்பானியர்கள் இது என்பி-முழுமை என்று சொல்கிற, அப்படி வேகமான வழி தெரியாத ரகக் கணக்கு என்று நிரூபித்தார்கள். பத்திரிகையில் வருபவை சுலபமாக இருப்பது செய்தவரின் கருணை.

பல விடை வருவதற்கு உதாரணம் கேட்டவருக்கு: 2க்கு 2, எல்லாக் குறிப்பும் 1. இந்த மூலைவிட்டம் அல்லது அந்த மூலைவிட்டம். 8க்கு 8இல் எல்லாம் 1 என்று போட்டால் 40,320 விடை.

22 செப்டம்பர்

அக்கா இப்போது கோயம்புத்தூரில். முகப் புதிரின் எண்களை மட்டும் வாட்ஸாப்பில் அனுப்பினேன், என்ன படம் என்று சொல்லவில்லை. நான் ஒரு மணி நேரம் முழித்தது, முரட்டு நிரல், உடைத்த கதை எதுவும் சொல்லவில்லை. இருபது நிமிஷத்தில் தாளில் பேனாவால் போட்டுப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள். பேனாவால்!

போன் போட்டேன். "எப்படிக்கா ஆரம்பிச்ச?"

"மேல இருக்கிற எண்ணை இந்தப் பக்கத்துலேர்ந்து படிச்சாலும் அந்தப் பக்கத்துலேர்ந்து படிச்சாலும் ஒண்ணாத்தானே இருக்கு. ஓரத்துல இருக்கிறதும் ஒவ்வொண்ணும் அப்படியே. அப்ப படம் நடுவுல மடிச்சா ஒட்டும். நாலை நடுவுல வெச்சேன், நாலு ஒண்ணை ரெண்டு ரெண்டாப் பிரிச்சேன், ரெண்டை நடுவுல வெச்சேன். மூக்கு மட்டும் காணலியேடா?"

நான் விடவில்லை. மடித்தால் ஒட்டும் என்று எப்படி நிச்சயம்? ஒட்டாத படம் ஒன்றும், அதன் கண்ணாடி பிம்பமும், இரண்டும் விடையாக இருந்திருக்கலாமே? அப்படி இல்லை என்றால் விடை ஒன்றுதான் என்று முன்கூட்டியே நம்பியிருக்கவேண்டும். அது அழுகுணி.

"நீ அனுப்புனா ஒரு விடைதான் இருக்கும். ரெண்டு விடை இருக்கிறதை அனுப்புவியா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே, "அது கிடக்கட்டும், என் பேரு இப்பவாவது வருமா?" என்றாள்.

ஜ-வைப் பதினாறுக்குப் பதினாறில் வரைந்துகொண்டிருக்கிறேன். எண்கள் தயாரானதும் இங்கே போடுகிறேன்.